‘சி’ வரிசையில் ஒரு கோணல் மூக்கு

1

ஆஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இங்கேயே தங்கிக்கொள்வதற்கான விண்ணப்பம் மட்டும் பதினோரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. ஊரில் கேள்விப்பட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வருவாய்த் துறையில் காலம் தள்ளி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். திருச்சுழிப் பக்கத்து மனிதர்கள் கொண்டுவந்த விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிப் பழகிய கை இது. வாரிசுச் சான்றுக்கு என்னென்ன இணைக்க வேண்டும், யார் யாரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று எந்த நேரத்தில் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன்.

‘நீங்கள் எப்போதாவது வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா? ஆம் எனில் அந்தப் பெயரையும், மாற்றியதன் காரணத்தையும் எழுதவும்.’

அதுவரை எல்லாக் கட்டங்களையும் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியிருந்தேன். அந்தக் கட்டம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீ பதினோரு மாதமாக ஆறிக்கொண்டிருக்கிறது.

“ஏம்ப்பா இன்னும் அனுப்பலை?” என்பாள் மகள் கயல்விழி.

“ஒரு இணைப்பு பாக்கி இருக்கும்மா.”

“என்ன இணைப்பு?”

“வரணும்.”

இந்த ‘வரணும்’ எனக்குச் சோறு போட்ட சொல். எதிரே நிற்பவர் அடுத்த கேள்வி கேட்க முடியாது. அடுப்படியில் என் மனைவி வேலம்மாள் மட்டும் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டுவாள். அது சிரிப்பு. அவளுக்கு அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். என் பெட்டியின் அடியில், பச்சைக் கோப்பில்.

இன்னொருவரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டுக்காரர் கேமரன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நகல்களில் சான்றொப்பம் இட அரசாங்கம் அதிகாரம் கொடுத்த தன்னார்வலர்களில் ஒருவர். வியாழக்கிழமை தோறும் எங்கள் பேட்டை நூலகத்தில் ஒரு மேசை போட்டு, ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியுமாக உட்கார்ந்திருப்பார். காசு வாங்குவதில்லை. முத்திரை வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் நான் மோப்பம் பிடித்துவிடுவேன். வந்த இரண்டாம் வாரமே பழக்கமாகிவிட்டார். “உன் தாள்கள் எப்போது வரும்?” என்று ஒவ்வொரு வியாழனும் கேட்பார். அவரிடமும் ‘வரணும்’தான்.

2

இப்படி இருக்கையில் கயலுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண். வர வேண்டிய நாளுக்கு ஏழு வாரம் முன்னால் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். தலைமாட்டு அட்டையில் ‘கயல்விழியின் குழந்தை’ என்று எழுதியிருந்தது. அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. பெட்டியின் பக்கத்தில் கை நுழைக்க ஒரு வட்ட ஓட்டை உண்டு. அதன் வழியாக ஒரு விரலை விட்டு, கயல் “சிட்டு, ஏ சிட்டு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். சிட்டுக்குருவி அளவுதான் இருந்தது. நர்ஸுகளும் ‘சிட்டூ’ என்று பழகிக்கொண்டார்கள்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் குரல் திரும்பி வந்தது. முதல் வேலையாகப் பெயர்ச் சண்டை ஆரம்பித்தது.

அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார் என் சம்பந்தி செல்லையா. அவர் குடும்பத்தில் எல்லோர் பெயரும் இங்கிலீஷில் ‘சி’ எழுத்தில் ஆரம்பிக்கும். அவர் செல்லையா, மூத்த மகள் செண்பகம், என் மாப்பிள்ளை செழியன். இது தற்செயல் இல்லை, நிர்வாகம். அவர் கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டித் தரும் மிஷின் இருக்கிறது. வாங்குகிற குடம், தூக்குவாளி எல்லாவற்றிலும் வாங்கியவர் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் எது யாருடையது என்று அடிதடி வரும். சம்பந்தி சொந்த வீட்டுப் பாத்திரங்களில் ‘சி’ என்ற ஒரே எழுத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார். யாருக்கு எதைக் கொடுத்தாலும் எழுத்து பொருந்தும். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துவிட்டுப் பாத்திரம் வெட்டுவது ஊர் வழக்கம். பாத்திரத்தை வெட்டிவிட்டுப் பெயர் தேடுவது செல்லையா வழக்கம்.

குழந்தை பிறந்தது ரேவதி நட்சத்திரத்தில். பஞ்சாங்கத்தில் அதற்கு தே, தோ, ச, சி என்று நாலு எழுத்து போட்டிருக்கும். கடைசி இரண்டைப் பார்த்ததும் சம்பந்திக்குக் கடவுளே கடைக்கு வந்து விலை கேட்ட மாதிரி ஆகிவிட்டது. செல்போனில் முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“சம்பந்தி, பேர் வைக்கிற விசேஷத்துக்குக் குடுக்க சில்வர் டப்பா முன்னூறு எடுத்து வச்சிட்டேன். ‘சி’ வெட்டியாச்சு. பக்கத்துல இடம் விட்டிருக்கேன். நீங்க மிச்ச எழுத்தை மட்டும் சொல்லி அனுப்புங்க, மிஷின் சும்மா கெடக்கு.”

“பேரே முடிவாகலையே, அதுக்குள்ள வெட்டிட்டீகளா?”

“மொத எழுத்து முடிவாயிருச்சுல்ல. டப்பா சின்னது. நீளமா எதையும் வச்சிராதீக.”

முன்பணம் வாங்கிவிட்டு நிலத்தை அளந்த சர்வேயர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்தை வெட்டிவிட்டுப் பேத்தியை எதிர்பார்த்த தாத்தாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை செழியனுக்கு வேறு கவலை. அவர் பெயரில் உள்ள ‘ழி’யை இந்த நாட்டில் ஒருத்தராலும் சொல்ல முடிவதில்லை. அலுவலகத்தில் ‘செஸ்’ ஆகிவிட்டார். மூத்த பேத்தி யாழினிக்கும் அதே ‘ழ’. எட்டு வயதில் அவள் ‘யாஸ்’. எனவே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வாயில் நுழைகிற ஒரு இங்கிலீஷ் பெயர், ‘சி’யில் ஆரம்பித்தால் சரி என்றார். பிறப்பைப் பதிவதற்கான கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் பெயர் எழுதியாக வேண்டும்.

கயல் ஒன்றுதான் சொன்னாள். “சிட்டுன்னே வச்சிருவோமே.”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன்.

“அது கூப்பிடுற பேரும்மா. ரெஜிஸ்தர்ல அதை எழுதுவாகளா? நாளைக்குப் பெரிய உத்தியோகத்துக்குப் போனா சிட்டுன்னு கையெழுத்துப் போடுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3

பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நடைமுறை தெரிந்த ஆள் என்று. கணினியில் ‘சி’ எழுத்துப் பெயர்களும் அர்த்தமும் போட்ட பக்கம் ஒன்றை யாழினி எடுத்துக் கொடுத்தாள். அவள் இங்கிலீஷில் படிக்க, நான் தமிழில் குறித்துக்கொள்ள ஏற்பாடு.

யாழினியின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மரியாதைப் பன்மை கற்றுக்கொண்டாள். அதை வீட்டு நாய்க்குப் பயன்படுத்துகிறாள். நாயிடம் “உக்காருங்க, பிஸ்கட் சாப்பிடுங்க.” என்னிடம் “தாத்தா, நீ இங்க வா.” நாய் சொன்னபடி கேட்கிறது. நானும் கேட்கிறேன்.

“சார்லட்,” என்றாள்.

“அர்த்தம்?”

“சார்லஸ்னா மேன். இது சின்ன... சின்ன ஆம்பளை.”

பொம்பளைப் பிள்ளைக்குச் சின்ன ஆம்பளை. அடித்தேன்.

“செல்சி. கப்பல்ல சாக்பீஸ் எறக்குற எடம்.”

சுண்ணாம்பு இறங்கும் துறை. பந்தல்குடிப் பக்கம் தினமும் சுண்ணாம்புக்கல் லோடு போகிறது. அந்த லாரிக்கு வேண்டுமானால் வைக்கலாம்.

“க்ளோயி. பச்சையா, புதுசா வர்ற எலை.”

இளந்தளிர். இது கொஞ்சம் மனதைத் தொட்டது. ஆனால் எங்கள் மானாவாரிக் காட்டில் அப்படி ஒன்று தலைகாட்டினால் மத்தியானத்துக்குள் வெள்ளாடு கடித்துவிடும். ஏழு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த வம்பு எதற்கு. அடித்தேன்.

அதற்கப்புறம்தான் பட்டியல் சுயரூபம் காட்டியது.

“சிசிலியா. ப்ளைண்ட்.”

“என்னது?”

“கண் தெரியாதவங்க, தாத்தா. க்ளாடியா, நொண்டி நடக்குறவங்க. கால்வின், முடியே இல்லாதவங்க. கேம்ப்பெல், வாய் இப்பிடி.” உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினாள். “கேமரன்...” அவளே நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். “மூக்கு வளைஞ்சவங்க.”

வேலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“என்னங்க இது, நம்ம ஊரு டீக்கடை மாதிரியில்ல இருக்கு.”

நான் நாற்காலியில் சாய்ந்தேன். உண்மைதான். மொட்டையன், நொண்டி, கோணவாயன், குருடன். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். பத்திரம் பதிய வரும்போது மட்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பெயர் சொல்வான். இவர்களோ அதே கோணவாயையும் வழுக்கையையும் ரெஜிஸ்தரில் ஏற்றி, பாஸ்போர்ட்டில் ஒட்டி, பேரப்பிள்ளைக்கும் வைத்துவிட்டுக் கம்பீரமாக நடக்கிறார்கள். எதிர்வீட்டு மனிதர் வீட்டு வாசல் தபால்பெட்டியில் ‘கோணமூக்கன்’ என்று பித்தளை எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை பாலீஷ் வேறு போடுகிறார்.

“உங்களுக்கு ஏத்த பேரு ஒண்ணு மாட்டியிருக்கு,” என்றாள் வேலம்மாள், கீரையைப் பார்த்தபடியே.

“ஏன் அம்மாச்சி?” என்றாள் யாழினி.

“தாத்தாகிட்டக் கேளு.”

நான் கேட்காத மாதிரி பக்கத்தை நகர்த்தச் சொன்னேன். கீழே ‘சி’ எழுத்துச் சொற்களுக்கும் பூர்வீகம் போட்டிருந்தார்கள். கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன். எங்கள் தொகுதியில் இன்றைக்கும் அர்த்தம் மாறவில்லை. கால்குலேட் என்பது கூழாங்கல் வைத்து எண்ணுவது. கேன்சல் என்றால் எழுத்தின் மேல் கம்பிவலை போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவது.

அந்தக் கம்பிவலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் அப்படி ஒன்றை நானே போட்டிருக்கிறேன்.

4

பதினோரு மாதமாக எழுதாத பெயரை இங்கே எழுதுகிறேன். என் பெயர் மூக்கன்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் தங்கவில்லை. நாலாவதாக நான் வந்ததும் கோவிலில் வைத்து மூக்கைக் குத்தி, மூக்கன் என்று பெயரிட்டார்கள். அப்படிக் குத்திய பிள்ளை நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நின்றேன். பள்ளிக்கூட ரெஜிஸ்தரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் மூக்கன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது தலைமை எழுத்தர் என் பெயர் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தித் தன் மூக்கைத் தடவிக்கொள்வார். அறை முழுக்கச் சிரிக்கும். அந்த வாரமே பெயர் மாற்றத்துக்கு மனு எழுதினேன். நான் எழுதிய முதல் குறையில்லாத மனு அதுதான். அரசிதழில் முகுந்தன் என்று வந்தது. வீட்டில் இருந்த ரேஷன் அட்டையில் மூக்கனின் மேல் சிவப்பு மையில் நானே குறுக்குக் கோடு போட்டேன். கம்பிவலை மாதிரியே இருந்தது.

அரசிதழை எங்கள் அய்யாவிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மாத்திக்கிறவன் மாத்திக்கலே. மூக்குல இருக்கிற ஓட்டையை எந்தக் கெசட்டுல அடைப்ப?”

சாகும்வரை அவர் என்னை முகுந்தன் என்று கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஓட்டையைப் பற்றிக் கேட்டால் அம்மைத் தழும்பு என்பேன். கயலிடமும் அதையே சொல்லித்தான் வளர்த்தேன். நல்லவேளை, எனக்கு இடது பக்கம் ஒன்றோடு நிறுத்தியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் கயலின் அறைக்குள் போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பட்டியல் முடிஞ்சிருச்சாப்பா?”

“முடிஞ்சிருச்சு. கண்ணு, காலு, வாயி, மூக்கு எல்லாம் இருக்கு. நீ ஏம்மா அந்தப் பேரையே பிடிச்சுக்கிட்டு நிக்கிற?”

தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டினாள். “முத வாரம் டாக்டர் எதையும் உறுதியாச் சொல்லலைப்பா. உங்ககிட்ட நான் சொல்லலை. எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியலை. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அந்தப் பேருக்குத்தான் அவ போகாம இருந்தா. இப்ப வேற பேரை எழுதிட்டு, இது சும்மா கூப்பிடுற பேருன்னு எப்படிச் சொல்றது?”

நான் மூக்கைத் தடவிக்கொண்டேன்.

“சம்பந்திக்குப் போன் போடு,” என்றேன்.

அருப்புக்கோட்டையில் அப்போது கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். புகைக்குள்ளிருந்து முகம் வந்தது.

“சொல்லுங்க சம்பந்தி, மிச்ச எழுத்து வந்திருச்சா?”

“வந்திருச்சு. சிட்டு.”

“வெளையாடாதீக. அது வீட்டுல கூப்பிடுறது. நாலு பேரு வாங்கிட்டுப் போற டப்பாவுல சிட்டுன்னு வெட்டினா என்ன நெனைப்பாக? எதோ குருவித் தீனி டப்பான்னு நெனைப்பாக. மூத்தது யாழினிக்கே எழுத்து ஒட்டலைன்னு நான் வாயத் தொறக்கலை. இதுக்காச்சும் கௌரவமா ஒரு இங்கிலீஷ் பேரு...”

“கௌரவமா மூணு வச்சிருக்கேன். நீங்களே எடுத்துக்கங்க. ஒண்ணு நொண்டி. ஒண்ணு குருடி. ஒண்ணு கோணமூக்கு. எல்லாம் ‘சி’யிலதான் ஆரம்பிக்குது.”

அர்த்தங்களைப் படித்துக் காட்டினேன். கேட்கக் கேட்க அவர் சாம்பிராணிக் கரண்டியைக் கல்லாமேல் வைத்துவிட்டார்.

“வெள்ளைக்காரனா இப்பிடி வச்சிருக்கான்?”

“ரெஜிஸ்தர்லயே ஏத்தி வச்சிருக்கான். எல்லாம் யாரோ வீட்டுல கூப்பிட்ட பேருதான், சம்பந்தி.”

“இருந்தாலும், படிச்ச குடும்பம். நீங்க அதிகாரியா இருந்தவுக. உங்க பேரைப் பாருங்க, முகுந்தன். எம்புட்டு லட்சணமா இருக்கு.”

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கயல் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில்.

“அது கெசட்டுப் பேரு,” என்றேன். “எங்க அய்யா வச்ச பேரு மூக்கன். மூணு பிள்ளை போனதுக்கப்புறம் நான் நிக்கணும்னு வச்சது. நான்தான் கோடு போட்டு அடிச்சேன்.”

கயல் என் மூக்கின் இடது பக்கத்தை உற்றுப் பார்த்தாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் இல்லை.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். “பொண்ணு பாக்க வந்தப்பவே கேட்கணும்னு நெனைச்சேன். ஆம்பளைக்கு எதுக்கு மூக்குத்தி ஓட்டைன்னு.”

“கேட்டிருக்கலாமே.”

“தாசில்தார்கிட்ட எப்படிக் கேட்கிறது. அம்மைத் தழும்புன்னு வேற முந்திக்கிட்டீக.” அப்புறம் குழந்தையைக் காட்டச் சொன்னார். கயல் போனுக்கு நேராகத் திருப்பினாள். அது கொட்டாவி விட்டது. நெடுநேரம் பார்த்தார். “சரி. உடம்போட இருந்தாச் சரி. செண்பகம், மிஷினை எடு. சின்னப் பேருதான், இடம் பத்தும்.”

அன்றைக்கே செழியன் பதிவுப் படிவத்தில் பெயரை ஏற்றினார். இங்கிலீஷில் ‘சி’யில் ஆரம்பிக்கும் சிட்டு. டீச்சர் வாயில் நுழையும் என்பதால் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. யாழினிக்குத்தான் ஏமாற்றம். கேமரன் என்று வைத்திருந்தால் எதிர் வீட்டுத் தாத்தாவும் பாப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்திருப்பார்களாம். போகிறபோக்கில் நாயிடம் சொன்னாள்: “மூக்கன் தாத்தா வர்றான், வழி விடுங்க.”

5

அந்த வியாழக்கிழமை பச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். கேமரன் என்னையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “வந்துவிட்டதா?” என்றார். வந்துவிட்டது என்றேன்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை நகலோடு ஒப்பிட்டார். அரசிதழை ஒப்பிட்டார். என் தொழிலில் வரிசையில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் நான் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை. பிறகு படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தார். வேறு பெயர்: மூக்கன். மாற்றியதன் காரணம் என்ற இடத்தில், ‘அலுவலகத்தில் சிரித்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். எவ்வளவு யோசித்தும் அதைவிடச் சரியான காரணம் கிடைக்கவில்லை.

“இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?”

“மூக்கு உள்ளவன்.”

“எல்லோருக்கும் உண்டே.”

“உங்களுக்கு வளைந்த மூக்கு. எனக்கு ஓட்டை போட்ட மூக்கு.”

என் இங்கிலீஷில் ஏதோ தவறிவிட்டதோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். தன் பெயரின் அர்த்தம் அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கண்டுபிடித்து உயிரை எடுத்தார்களாம்.

“மாற்றிக்கொள்ள நினைக்கவில்லையா?”

“அப்பாவுடையதும் அதுதானே,” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஓட்டை எங்கே என்று கேட்டார். இடது பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசைக்கு மேல் குனிந்து, ஒரு அதிகாரி பார்க்க வேண்டிய முறையில் பார்த்தார். பின்னால் நின்ற அம்மாள் ஒரு அடி தள்ளிப் போனார். கேமரன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு தரம் ஒற்றி எடுத்து நகலின் மேல் அழுத்தினார்.

அதில் என்ன இருக்கும் என்று எனக்குப் படிக்காமலே தெரியும். ஆயிரக்கணக்கில் அதே வாசகத்தின் கீழ் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பெரும்பாலும் எதையும் பார்க்காமலே. அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.